பட்டறையில் ஒரு வட்டிலப்பம்

இரும்போடும் பித்தளையோடும் வாழ்நாளைக் கழித்த ஒருவன், இனிப்புப் பண்டம் ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கு வானொலி நிலையத்துக்கு வந்திருக்கிறான் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் அது வியப்பாகவே இருக்கிறது. நான் தொழிலாற் படவரைஞன். இயந்திர உறுப்புக்களின் படங்களை வரைந்து, அளவுகளைக் குறித்து, இந்த அளவுக்கு மேல் ஒரு மயிரிழையும் போகலாகாது என்று அடியில் எழுதிக் கையொப்பமிடுவதே முப்பத்துநான்கு ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. குசினிக்கும் எனக்கும் இருந்த உறவு, சாப்பிட அழைத்தாற் போவது என்ற அளவோடு நின்றுவிட்டது. அந்த உறவு சென்ற ஆண்டிலே சற்று மாறியது. அஃது எவ்வாறு மாறியது என்பதையே இன்று சொல்லப் போகின்றேன்.

தெஹிவளையில் என் நண்பர் ஒருவருடைய வீட்டின் பின்புறத்தில் ஒரு மோட்டார்க் கொட்டகை உண்டு. மோட்டார் வண்டி அங்கே நின்ற காலம் மலையேறிவிட்டது. இப்பொழுது அங்கே இருப்பவை ஒரு பழைய கடைசல் இயந்திரம், ஒரு துளைகருவி, ஒரு பட்டடை, ஆணிகளும் திருகுகளும் நிறைந்த எண்ணற்ற தகரப் பேணிகள், ஐந்து கதிரைகள். ஞாயிறுதோறும் பிற்பகலில் அந்தக் கதிரைகள் ஐந்தும் நிரம்பும். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்காளர். உள்ளங்கையில் அடங்கும் நீராவி இயந்திரங்களைச் செய்து ஓடவிடுவதில் அவருக்குப் பெருவிருப்பு. மற்றொருவர் புகையிரதப் பகுதியிற் பணியாற்றியவர். இன்னொருவர் பௌதிகவியல் ஆசிரியர். நாலாமவர் மருதானையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் இளைஞர்; பகலில் ஒரு கம்பனியில் எழுதுவினைஞர்; மாலையிலே கடைசல் வேலையில் எங்கள் நால்வருக்கும் ஆசிரியர். ஐந்தாமவன் நான்.

எங்களைப் போன்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பொழுதுபோக்குப் பொறியியலாளர் என்று எங்களைச் சொல்லலாம். நாங்கள் செய்யும் பொருள்களிற் பெரும்பாலானவற்றுக்கு எவரிடத்தும் தேவை இருப்பதில்லை. ஆகையால், "இஃது எதற்கு?" என்று கேட்கும் இயல்புடையவர்களை நாங்கள் அந்தக் கொட்டகைக்கு அழைப்பதே இல்லை.

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த இளைஞர் வழக்கம் போல ஒரு பாத்திரம் நிறைய வட்டிலப்பம் கொண்டுவந்தார். முட்டையும் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் கூட்டி, ஏலமும் சாதிக்காயும் இட்டு, நீராவியில் அவித்தெடுக்கும் அப்பண்டத்தை இலங்கையர்க்கு அறிமுகம் செய்யவேண்டியதில்லை. மலாய் மக்களோடு இந்நாட்டுக்கு வந்தது என்பர். இன்று முஸ்லிம்களின் பெருநாளோடு பிரிக்க முடியாதபடி இணைந்து, அண்டை வீட்டார் அனைவர்க்கும் உரியதாகிவிட்டது.

நாங்கள் உண்டோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முந்திய ஆண்டுகளிலே பாத்திரம் வெறுமையாகும் வரை எவரும் பேசியதில்லை. இந்த ஆண்டு பாத்திரத்தில் மிகுதி இருந்தபோதே பேச்சில்லாமற் போயிற்று. இளைஞர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "இது கடையில் வாங்கியது. என்னுடைய உம்மும்மாவுக்கு இப்போது கை நடுங்குகிறது, கண்ணும் மங்கிவிட்டது. இந்த முறை அவர் செய்யவில்லை. வீட்டில் மற்றவர்கள் செய்துபார்த்தார்கள். அது வரவில்லை," என்றார்.

அங்கே நிலவிய கலக்கத்தைப் போக்குவதற்காகவே கணக்காளர் வேடிக்கையாகத் தொடங்கினார். "மூன்று மூலப்பொருள்கள், இரண்டு வாசனைச் சரக்குகள், ஒரு பாத்திரம். இதில் என்ன பெரிய இரகசியம் இருக்கிறது? எங்களுடைய கொட்டகையில் இதைவிடச் சிக்கலான பொருள்களைச் செய்திருக்கிறோம். வட்டிலப்பத்தை நாமே வடிவமைத்து உற்பத்தி செய்தால் என்ன?" என்றார்.

அவ்வளவுதான், நான் பென்சிலை எடுத்தேன். தாளின் மூலையில், 'உறுப்பின் பெயர்: வட்டிலப்பம்' என்று எழுதினேன். விட்டம் 150 மில்லிமீற்றர், உயரம் 50 மில்லிமீற்றர், அனுமதிக்கப்படும் கூடுதல் குறைவு அரை மில்லிமீற்றர் என்று குறித்தேன். மேற்பரப்பு கண்ணாடி போல வழுவழுப்பாக இருத்தல் வேண்டும் என்று குறித்தேன். வேணியர் இடுக்கிமானியால் அளப்பதா, நுண்மானித் திருகுக் கணிச்சியால் அளப்பதா என்பது பற்றிச் சிறிது வாக்குவாதம் நடந்தது. திருகை இறுக்கும்போது உறுப்பு வளைந்து கொடுக்கும் என்று ஆசிரியர் எடுத்துரைத்ததனால் இடுக்கிமானியே தெரிவு செய்யப்பட்டது.

புகையிரதத்து நண்பர் வலிமைச் சோதனைக்கு விதி வகுத்தார். "தேக்கரண்டியைச் செங்குத்தாக ஊன்றினால் அது சாயாமல் நிற்கவேண்டும். ஆனால் நாவில் வைத்த பண்டம் மட்டும் நிற்கவே கூடாது," என்றார். அடுத்தது அதிர்வுச் சோதனை. பண்டத்தை மடியில் வைத்துக்கொண்டு மருதானையிலிருந்து தெஹிவளை வரை பஸ்ஸில் வரவேண்டும். ஒரு வெடிப்புக் காணப்பட்டாலும் அத்தொகுதி முழுவதும் நிராகரிக்கப்படும். நிராகரிக்கப்பட்டதை உண்ணும் உரிமை எவருக்கு என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. கணக்காளர் உத்தரவாதப் பத்திரம் ஒன்றையும் எழுதினார்: வாங்கிய பொருள் வாயில் வைத்த பின் திருப்பி ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது.

நேயர்களே, வளர்ந்த மனிதர்கள் ஐவர் இவ்வாறு விளையாடுவதா என்று நீங்கள் எண்ணக்கூடும். இந்த விளையாட்டை விளையாடியவர்களுள் எங்களைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நிக்கலஸ் கூர்ட்டி என்பவர் ஹங்கேரி நாட்டிற் பிறந்து, இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பௌதிகவியலாளர். மிகத் தாழ்ந்த வெப்பநிலைகளை உண்டாக்குவதிற் புகழ்பெற்றவர். சமையல் அவருக்குப் பொழுதுபோக்கு. 1969ஆம் ஆண்டிலே இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷனில், சமையலறையிலே பௌதிகவியலாளன் என்னும் பொருள்பற்றி அவர் ஒரு விரிவுரை நிகழ்த்தினார். ஐஸ் கிறீமைச் சூழ முட்டை வெண்கருவின் நுரையைப் பூசி, அதனைச் சூடான அடுப்பில் வைத்தெடுக்கும் பண்டம் ஒன்று மேல்நாட்டில் உண்டு. புறத்தே சூடு, அகத்தே குளிர். நுரையில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. கூர்ட்டி இதனைத் தலைகீழாக்கிக் காட்டினார். புறத்தே குளிரும் அகத்தே சூடுமாக ஒரு பண்டத்தைச் செய்தார். அதற்கு அவர் துணைக்கொண்டது நுண்ணலை அடுப்பு. உறைந்த பனி அந்த அலைகளை மிகக் குறைவாகவே உறிஞ்சும். உள்ளே இருக்கும் இனிப்புப் பாகு நன்றாக உறிஞ்சிச் சூடேறும். சபையோர் சிரித்திருப்பார்கள், சிரித்துக்கொண்டே பௌதிகவியலையும் கற்றிருப்பார்கள்.

2007ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கலிபோர்னியாவில், எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர் சிலர், கழித்து விடப்பட்ட பழைய படம் வரையும் இயந்திரங்களின் பாகங்களைக் கொண்டு ஒரு பொறியை அமைத்தனர். சீனியைப் படையாகப் பரப்பி, வேண்டிய இடத்தில் மாத்திரம் சூடான காற்றை ஊத, அவ்விடத்துச் சீனி உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் அடுத்த படை. உருகாத சீனியே வேலை முடியும் வரை முட்டுக்கொடுத்து நிற்கும். பின்பு அதனைத் தட்டிவிட்டு மீண்டும் உபயோகிக்கலாம்.

2022ஆம் ஆண்டிலே மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர், ஓரியோ என்னும் இருதட்டுப் பிஸ்கற்றை முறுக்கிப் பிரித்தால் நடுவில் உள்ள கிறீம் இரு தட்டுக்களிலும் சமமாக ஒட்டாதிருப்பது ஏன் என்று ஆராய்ந்தனர். நாணயக்குற்றிகளின் பாரத்தாலும் இறப்பர்ப் பட்டிகளாலும் இயங்கும் சிறு கருவி ஒன்றையும் அமைத்து, எவரும் செய்துகொள்ளுமாறு அதன் படங்களை வெளியிட்டனர். வேகமாக முறுக்கினாலும் மெதுவாக முறுக்கினாலும் கிறீம் பெரும்பாலும் ஒரே தட்டில் தங்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. குழந்தைகள் யாவரும் அறிந்த முடிவுதான்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2023இல், நியூயோர்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் ஏழு பொருள்களைக் கொண்டு ஒரு கேக்குத் துண்டை இயந்திரத்தால் படைபடையாக அச்சிட்டனர். முதலிற் செய்தவை சரிந்து விழுந்தன. பின்னரே அவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது: பழக்கூழையும் பழப்பாகையும் தாங்குவதற்குக் கடினமான பசைகளாற் சுவர் எழுப்பவேண்டும். பிஸ்கற் மாப்பசை அத்திவாரமாயிற்று. நிலக்கடலைப் பசை சுவராயிற்று. வீடு கட்டுபவன் அறிந்ததை அவர்கள் கேக்கு உடைந்தபோது அறிந்தார்கள்.

இவற்றையெல்லாம் ஆசிரியர் எங்களுக்குச் சொன்னபோது எங்கள் ஊக்கம் எல்லை கடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூலப்பொருள்களோடு கூடினோம்.

எங்கள் முதலாவது உற்பத்தியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல விரும்புகின்றேன். முட்டை அடிப்பதற்குக் கையாலே ஏன் துன்பப்படவேண்டும் என்று, மின் துளைகருவியிலே கம்பி வளையம் ஒன்றைப் பூட்டிச் சுழற்றினோம். மூன்று நிமிடத்திலே பாத்திரம் நுரையால் நிறைந்து வழிந்தது, நாங்கள் கைதட்டினோம். கருப்பட்டியைக் கரைத்துக் கொதிக்கக் கொதிக்க அதிலே ஊற்றினோம். ஐந்து பேருக்கும் போதவேண்டும் என்பதற்காகப் படத்தில் 50 மில்லிமீற்றராக இருந்த உயரத்தை 100 மில்லிமீற்றராக்கினோம். உயரம் இருமடங்கானதால் நேரத்தையும் இருமடங்காக்கினோம். நீராவிக்குப் பொறுப்பாயிருந்தவர் புகையிரதத்து நண்பர். வாழ்நாளெல்லாம் கொதிகலன்களோடு பழகிய அவர், மூடியை இறுக மூடி, நெருப்பை முழுவதும் திறந்துவிட்டார்.

திறந்தபோது கண்டது இதுதான்: ஓரத்திலே கடற்பஞ்சு, நடுவிலே கஞ்சி, இரண்டுக்கும் இடையிலே தண்ணீர். மேற்பரப்பில் மூடியிலிருந்து சொட்டிய நீர் அம்மைத் தழும்புகள் போலக் குழிகளை உண்டாக்கியிருந்தது. தேக்கரண்டி நிற்கவில்லை. அதிர்வுச் சோதனை தேவைப்படவில்லை.

சிரித்து முடிந்ததும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். முட்டையின் புரதம் சூட்டிலே வலை போலப் பின்னிக்கொள்கிறது. அந்த வலைக்குள்ளே பாலும் இனிப்பும் சிறைப்படுகின்றன. தனி வெண்கரு 60 பாகை செல்சியசைச் சற்றுத் தாண்டியவுடனேயே திரளத் தொடங்கும். பாலும் இனிப்பும் கலந்தால் 80 பாகைக்கு அண்மையிலே தான் கலவை இறுகும். அதற்கு மேலும் சூடேற்றினால் வலை சுருங்கி, தன்னுள் இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். நீராவியோ எளிய பொருளன்று. ஒரு கிராம் நீராவி நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம், ஒரு கிராம் நீர் ஒரு பாகை குளிரும்போது வெளிவிடும் வெப்பத்தைப் போல 500 மடங்குக்கும் அதிகம். எனவே ஓரம் வெந்து மிஞ்சிப்போக, நடுவுக்குச் செய்தி போய்ச் சேரவேயில்லை. தடிப்பு இருமடங்கானால், வெப்பம் நடுவை அடைவதற்கு ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் வேண்டும். நாங்கள் கொடுத்தது இருமடங்கு. துளைகருவி உண்டாக்கிய நுரை துவாரங்களாயிற்று. கொதிக்கும் பாகு முட்டையின் ஒரு பகுதியை ஊற்றிய இடத்திலேயே அவித்துவிட்டது.

பிழைகள் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் திருத்தும் வழி? அப்போது அந்த இளைஞர் மெல்லச் சொன்னார்: "ஓர் ஆளைக் கேட்கலாம்."

மறுவாரம் மருதானையிலுள்ள அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். உம்மும்மா எண்பதைத் தாண்டிய முதியவர். முன்றானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, குசினிக்குள் ஒரு சிறு பலகையில் அமர்ந்திருந்தார். வெப்பமானியும் தராசும் கடிகாரமும் ஏந்தி நின்ற எங்களைப் பார்த்து, "என்ன மகன், எனக்கு ஒப்பரேஷன் செய்யவா கூட்டி வந்தாய்?" என்று பேரனைக் கேட்டார். பேத்தி சிரித்தாள். அவர் சொல்லச் சொல்லப் பேத்தி செய்வது, நாங்கள் ஓரமாக நின்று அளப்பது என்று ஏற்பாடாயிற்று.

எத்தனை முட்டை என்று நான் பென்சிலோடு கேட்டேன். அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. முட்டைகளை ஒரு துணியிற் கட்டி ஒரு கையிலும், கருப்பட்டியை மறு கையிலும் வைத்துத் தூக்கிப் பார்த்தார். நடுங்கும் கைகள்தாம். கருப்பட்டியில் ஒரு சிறு துண்டை உடைத்து எடுத்துவிட்டு, "சரி," என்றார். நாங்கள் நிறுத்தோம். முட்டை 312 கிராம். கருப்பட்டி 300 கிராம். முட்டை பெரிதும் சிறிதுமாக இருக்கும், கருப்பட்டியும் அப்படியே. எண்ணுகிறவன் ஏமாறுவான், நிறுக்கிறவன் ஏமாறமாட்டான். படவரைஞனாகிய நான் முட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மூதாட்டி நிறுத்துக்கொண்டிருந்தார்.

பின்பு கருப்பட்டியை முகர்ந்து, நாவில் வைத்துப் பார்த்தார். கித்துள் என்ற பெயரிற் சீனி கலந்த கருப்பட்டியும் சந்தைக்கு வருவதுண்டு. அதனைத் தேங்காய்ப்பாலிற் கரைத்து இறக்கியபின் விரலை உள்ளே விட்டு, "மூன்று எண்ணும் மட்டும் விரல் பொறுக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் முட்டை," என்றார். வெப்பமானி 50 பாகைக்குச் சற்றுக் கீழே நின்றது. முட்டை திரளும் சூட்டுக்கு அது நன்றாகவே கீழ்ப்பட்டது.

முட்டையை அடிக்கவே கூடாது என்றார். கரண்டியாலே மெல்லக் கலக்கி, துணியில் வடித்து, நுரை அடங்கும் வரை வைத்திருக்கவேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டோம். "ஒரு யாசீன் ஓதி முடிக்கும் நேரம்," என்றார். அவர் கண்களை மூடி மெல்லிய குரலில் ஓத, நாங்கள் மௌனமாக நின்றோம். எங்கள் கடிகாரம் பதினெட்டு நிமிடங்களைக் காட்டியது. கலவையின் மேலே ஒரு நுரைகூட இருக்கவில்லை.

அவிக்கும் பாத்திரத்தினுள் நீர் விட்டு, அடியில் ஒரு பழைய சதுர ஐந்து சதக் குற்றியைப் போட்டார். நீர் கொதிக்கும்போது குற்றி கிணுகிணுக்கும். கண் மங்கியவருக்கு அதுவே காட்டி. ஓசை விரைந்தால் நெருப்பைக் குறைக்கச் சொல்வார்; ஓசை நின்றால் நீர் வற்றிவிட்டது என்று அறிவார். புகையிரதத்து நண்பர் வாயடைத்து நின்றார். "கொதிகலத்தில் நீர்மட்டம் குறைந்தால் எச்சரிக்கை செய்யும் அமைப்பு இது. இதற்காக நாங்கள் எத்தனை குழாய்களையும் அடைப்பிதழ்களையும் பூட்டினோம்!" என்றார்.

மூடியின் அடியிலே துணியைக் கட்டச் சொன்னார். சொட்டும் நீரைத் துணி ஏற்றுக்கொள்ளும். அதன் பின் ஓர் ஈர்க்குத்துண்டை மூடிக்கும் பாத்திரத்தின் விளிம்புக்கும் இடையில் வைக்கச் சொன்னார். நீராவியை வீணே போகவிடுகிறாரே என்று எங்களுக்குத் தோன்றியது. ஆசிரியர் வெப்பமானியைச் செருகிப் பார்த்தார். ஈர்க்கு இல்லாதபோது 100 பாகை. ஈர்க்கு இருக்கும்போது 90 பாகைக்குச் சற்று மேல். சிறு இடைவெளியாற் காற்றும் நீராவியும் கலப்பதனால், உள்ளே கடுஞ்சூடு ஏறுவதில்லை. வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவதற்கு நாங்கள் தேடிக்கொண்டிருந்த கருவி ஒரு தென்னோலை ஈர்க்கு.

இறுதியாகப் பேத்தி மூடியைத் திறந்து, பாத்திரத்தைத் தொட்டு அசைத்தாள். "நடு கொஞ்சம் ஆடுகிறது, உம்மும்மா," என்றாள். "ஆடட்டும். இறக்கு. மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்," என்றார் அவர். இறக்கிய பின்னும் நடுவின் வெப்பநிலை சில பாகை ஏறியது. பிறகுதான் இறங்கத் தொடங்கியது. ஓரத்திலே சேர்ந்திருந்த வெப்பம் நடுவுக்குப் போய் வேலையை முடித்துவிட்டது.

ஆறிய பின் உண்டோம். பாத்திரம் வெறுமையாகும் வரை எவரும் பேசவில்லை. ஆனால் அன்று நாங்கள் உண்டது அவர் நேரில் நின்று செய்வித்தது. எங்கள் படத்தின் பெறுமதியை அதனால் அறிய முடியாது.

ஆகவே நான் வீட்டுக்கு வந்து, பழைய தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதிதாக வரைந்தேன். இம்முறை வேடிக்கைக்காக அன்று. நிறைகள், வெப்பநிலைகள், நேரம், பாத்திரத்தின் ஆழம், ஈர்க்கின் தடிப்பு எல்லாவற்றையும் குறித்தேன். ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் அவருடைய சொல்லையும் எழுதினேன்: விரல் பொறுக்கும் சூடு, யாசீன் நேரம், குற்றியின் ஓசை, ஆடும் நடு. எண் இல்லாதவனுக்குச் சொல் உதவும். சொல் விளங்காதவனுக்கு எண் உதவும் என்பது என் எண்ணம்.

இரண்டு வாரங்களின் பின், பேத்தி அந்தத் தாளை மாத்திரம் துணையாகக் கொண்டு, உம்மும்மா அயலூருக்குச் சென்றிருந்த ஒரு நாளில் வட்டிலப்பம் செய்தாள். மாலையில் அவர் திரும்பியதும் ஒரு கிண்ணத்தில் இட்டுக் கொடுத்தாள். நாங்கள் ஐவரும், பரீட்சை மண்டபத்து வாசலிலே காத்து நிற்கும் மாணவர்களைப் போல நின்றோம். அவர் ஒரு கரண்டி உண்டார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏலம் கூடிப்போயிற்று," என்றார். எங்கள் முகங்கள் வாடின. அவரோ கிண்ணத்தைக் கீழே வைக்காமல் இரண்டாவது கரண்டியை எடுத்தார்; மூன்றாவதையும் எடுத்தார்.

படங்களின் அடியில் மூன்று கட்டங்கள் இருப்பது தொழில் முறை: வரைந்தவர், சரிபார்த்தவர், அங்கீகரித்தவர். முதலாவதில் என் பெயரை எழுதினேன். இரண்டாவதில் பேத்தி கையொப்பமிட்டாள். ஏலக்காயின் அளவை வெட்டித் திருத்தியவளும் அவளே. மூன்றாவது கட்டத்தை அவருக்கு முன் வைத்தேன். அவர் பேனாவை வாங்கி, இளமையிற் கற்ற அரபுத்தமிழ் எழுத்திலே, நடுங்கிய கையால் தம் பெயரை எழுதினார். என் தொழில்வாழ்விலே எத்தனையோ படங்களுக்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறேன். இதற்குக் காத்திருந்தது போல எதற்கும் காத்திருந்ததில்லை.

நேயர்களே, கைப்பக்குவம் என்று ஒரு சொல்லை நாம் வழங்குகிறோம். அதனைப் புகழ்ச்சியாகவே சொல்கிறோம். ஆயினும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, மேலே ஒன்றும் கேளாமல் இருந்துவிடுகிறோம். அது கைக்கு வாய்த்த வரம், பிறர்க்கு வாராது என்று தீர்த்துவிடுகிறோம். அந்தக் குசினியிலே நாங்கள் கண்டது வரம் அன்று. அளவுகள் இருந்தன; சோதனைகள் இருந்தன; ஒவ்வொரு செயலுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஐம்பது அறுபது ஆண்டுகள் தவறிப் தவறித் திருத்திக் கண்ட கணக்கு அது. எழுதப்படாதது ஒன்றே அதன் குறை. அந்தக் குறைக்குப் பொறுப்பு அவருடையதன்று. அவரிடம் இதுவரை ஒருவரும் பென்சிலோடு போய்க் கேட்கவில்லை.

நாங்கள் கேட்கப் போனதும் ஒரு விளையாட்டினாலேயே. அறிவாளிகளாய்ப் போயிருந்தால் அவர் இரண்டு வார்த்தையோடு அனுப்பியிருப்பார். தோற்றுப்போய், சிரித்துக்கொண்டு போனதனாலே பலகையைப் போட்டு உட்காரவைத்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு தாயார், ஒரு பாட்டியார், ஓர் அத்தை இருக்கக்கூடும். ஒரு பிடி என்றும், ஒரு கொதி என்றும், பதம் வந்ததும் என்றும் அவர்கள் சொல்வதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு வராதீர்கள். அந்தப் பிடியை ஒருமுறை தராசில் இட்டுப் பாருங்கள். அந்தப் பதத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒரு தாளிலே குறித்து, அவர்கள் கையாலேயே கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் படத்தின் ஒரு பிரதி தெஹிவளைக் கொட்டகையில், கடைசல் இயந்திரத்துக்கு மேலே சுவரில் தொங்குகிறது. மூலப்படம் மருதானைக் குசினியில் இருக்கிறது. அதன்மேல் ஏற்கெனவே பாகு சிந்திவிட்டதாம். அறிந்து மகிழ்ந்தேன்.